தரிசு என்று ஒரு சொல்

மார்கழி முடியும் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் போன் செய்வாள். நல்ல குரல், அவசரமே இல்லாத பேச்சு. "வணக்கம். நெல் அறுக்கிறதுக்கு முன்னாடி வயல்ல உளுந்து, பயறு ஏதாவது தெளிச்சிருக்கீங்களா, இல்ல அறுத்ததும் நிலம் சும்மா கிடக்குமா?" என்று கேட்பாள். என் வீட்டுக்காரர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "தெளிச்சாச்சும்மா. நீ நல்லாயிருக்கியா?" என்பார். அதற்கு அவள் பதில் சொல்ல மாட்டாள். அது மனுஷி இல்லை, கம்பெனிக் கணினி பேசுகிறது என்று அவரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. "இருந்துட்டுப் போவட்டும். மரியாதையாக் கேக்குதுல்ல" என்கிறார்.

அந்தக் கேள்வியை எழுதியவள் நான். ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்த கடைசி வேலைகளில் அது ஒன்று. ஒருத்தி ஊரை விட்டுப் போன பிறகுதான் அதை எழுத எனக்குப் புத்தி வந்தது என்பதால், ஒவ்வொரு வருடமும் அந்தக் குரலைக் கேட்கும்போது நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன மாதம், ஆபீசில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் வீட்டுக்கு வந்தாள். மற்ற ஊர்க் கம்பெனிகளிலிருந்து ஆட்கள் பயிற்சிக்கு வருகிறார்களாம், நான் பேச வேண்டுமாம். 'நிறுவனத்தின் இலக்குகளோடு தரவையும் செயற்கை நுண்ணறிவையும் இணைத்தல்' என்று தலைப்பை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள் பாவம். எனக்கு மேடையில் பேச வராது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். நாலு நல்ல யோசனை எழுதித் தருவேன் என்று அவள் நினைத்திருப்பாள். நான் எழுதுவது இதுதான்.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து குடமுருட்டி ஆற்றங்கரையோடு கொஞ்ச தூரம் வந்தால் ஒரு பழைய நெல் கிடங்கு இருக்கும். அதன் ஒரு பக்கத்தைத் தடுத்துச் சுண்ணாம்பு அடித்த இடம்தான் ஆபீஸ். சுற்றுப்பட்டு விவசாயிகளே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்துவது. நான் கும்பகோணத்தில் கணக்குப் பாடம் படித்து, ஒரு சர்க்கரை ஆலையின் கணினிப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்து, ஆலை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தேன். ஆலையில் கற்றது ஒன்றுதான். கணினி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும், நாம் கேட்க நினைத்த கேள்விக்குச் சொல்லாது. இதைக் கற்றேன் என்று பெருமையாக எழுதுகிறேனே தவிர, தேவைப்பட்ட நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

கம்பெனி ஆரம்பித்ததே அறுவடை வண்டிக்காகத்தான். தை பிறந்தால் டெல்டா முழுக்கச் சம்பா ஒரே நேரத்தில் முற்றி நிற்கும். வெளி மாவட்டங்களிலிருந்து வண்டிகள் வரும், கூடவே புரோக்கர்களும் வருவார்கள். சேர்ந்தாற்போல வேலிக் கணக்கில், ஆறேழு ஏக்கருக்குக் குறையாமல், நிலம் இருக்கிறவர் வயலில்தான் வண்டி முதலில் இறங்கும். மூன்று மா, ஆறு மா வைத்திருப்பவர்கள், அதாவது ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர்க்காரர்கள், வரப்பில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதற்குள் ஒரு மழை வந்தால் கதிர் சாய்ந்துவிடும். இந்தச் சிறு ஆட்கள் ஒன்றுசேர்ந்து சொந்தமாக வண்டி வாங்கினால் என்ன என்று தொடங்கியதுதான் கம்பெனி. சேற்றில் புதையாமல் போகிற பெல்ட் வண்டிகளாகப் பார்த்து வாங்கினார்கள். முதலில் உறுப்பினராகச் சேர்ந்தவர்களில் அஞ்சலையும் ஒருத்தி. ஆறு மா குத்தகை நிலம் அவளுக்கு. நிலத்துக்காரர் சிங்கப்பூரில்.

எங்கள் தலைமை அதிகாரி நாகராஜன் சார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததற்கு அவர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டிரைவர் முதல் தூத்துப் பெருக்க வரும் அம்மா வரை எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். மேசையின் தலைமாட்டில் உட்கார மாட்டார், ஜன்னல் ஓரத்தில் ஒரு மர ஸ்டூல், அதுதான் அவருக்கு. எந்தக் காகிதத்தையும் நின்றுகொண்டுதான் படிப்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தாரானால் எதிரில் இருப்பவர் அன்றைக்குத் தப்ப முடியாது. அந்த ஒரே ஒரு சந்தேகத்தில் நாம் கட்டிக்கொண்டு வந்த திட்டம் முழுக்கச் சரிந்துவிடும். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே 'சந்தேகம் சார்'. அது அவருக்கும் தெரியும்.

அவர் வருவதற்கு முன், எந்த வயலுக்கு எப்போது வண்டி என்பதைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்போம். பெரிய வீட்டிலிருந்து ஒரு போன் வரும். பலகையில் ஒரு பெயர் அழிந்து இன்னொரு பெயர் மேலே ஏறும். எந்த அநியாயத்தைத் தடுக்கக் கம்பெனி ஆரம்பித்தோமோ, அது சாக்பீஸ் வழியாகக் கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. சார் வந்த முதல் தையிலேயே பலகையை எடுத்துவிட்டார். வரிசையைக் கணினி போடட்டும், எந்த மனிதரும் அதைக் கையால் மாற்றக் கூடாது, நான் உள்பட, என்று கூட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிறு விவசாயிகள் கை தட்டினார்கள். அஞ்சலையும் தட்டினாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன்.

அந்த வரிசையை இன்னும் நன்றாகப் போடத்தான் செயற்கை நுண்ணறிவு வந்தது. அதைச் செய்து தரச் சென்னைக் கணினி நிறுவனத்திலிருந்து தீபிகா என்று ஒரு பெண் வந்தாள், கெட்டிக்காரி, வயல் வரப்பெல்லாம் நடந்து பார்த்தவள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அவள் முதலில் கேட்டதே சரியான கேள்விதான்.

"இந்தக் கம்பெனிக்கு என்ன வேணும்னு ஒரே வரியில சொல்லுங்க. அதைத்தான் நாங்க சிஸ்டத்துக்குச் சொல்லுவோம். அது அதை மட்டும்தான் பாக்கும்."

முந்தின வருடம் ஒரு வண்டி வயலுக்கு வயல் தாவுவதிலேயே பாதி நாளைத் தொலைத்திருந்தது. அந்த வயிற்றெரிச்சல் எல்லோருக்கும் இருந்தது. குழுவில் மூத்தவர் ஒருவர், "வண்டி சும்மா நிக்கக் கூடாதும்மா. அதுதான் வேணும்" என்றார். பின்னாலிருந்து யாரோ, "நேரத்துக்கு வந்தா சரி" என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தோன்றியது. எனக்கும்தான். சார் ஒரு நிமிஷம் ஜன்னல் வழியே பார்த்தார். அந்த ஒரே ஒரு சந்தேகம் அன்றைக்கு மட்டும் அவருக்கு ஏன் வரவில்லை என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். "எழுதிக்கோங்க" என்றார்.

தீபிகா எழுதிக்கொண்டாள். வண்டி சும்மா நிற்கக் கூடாது.

அதோடு போயிருந்தால்கூட ஏதோ சமாளித்திருக்கலாம். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்கு உளுந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். உழவு இல்லை, தண்ணீர் பாய்ச்சுவது இல்லை. மிச்ச ஈரத்திலும் பனியிலுமே அது வளர்ந்துவிடும். ஆனால் தெளித்த பிறகு நெல்லை நேரத்துக்கு அறுத்தாக வேண்டும். தள்ளிப்போனால் நெல்லின் நிழலில் முளை வெளுத்து நூலாக நீளும், அதன் மேல் வண்டி ஏறினால் அவ்வளவுதான். மறுபடி தெளிக்க ஈரம் இருக்காது.

நெல் அறுத்த தரிசில் வருகிற உளுந்து என்பதால் அதற்குத் தரிசு உளுந்து என்று பெயர். எங்கள் ஆபீசில் அதையும் சுருக்கி வெறும் 'தரிசு' என்போம். "தரிசு தெளிச்சாச்சா?" "அவரு தரிசு போட்டிருக்காரு." உறுப்பினர் விவரம் எடுத்த எங்கள் களப் பணியாளர்களும் 'அடுத்த பயிர்' என்ற இடத்தில் பருத்திக்காரருக்குப் பருத்தி என்றும் எள்காரருக்கு எள் என்றும் எழுதி, உளுந்துக்காரருக்குத் தரிசு என்றே எழுதிவிட்டார்கள். எங்களுக்குள் அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. சென்னையில் அந்தச் சொல்லை அகராதிப்படி படித்தார்கள். தரிசு என்றால் ஒன்றும் இல்லாத நிலம். ஒன்றும் இல்லாத நிலத்துக்கு என்ன அவசரம்? வண்டி சும்மா நிற்காமல் இருக்க யாரையாவது தள்ளிப்போட வேண்டுமென்றால், அவர்களைத் தள்ளிப்போடு. கணினி அப்படித்தான் செய்தது. யார் வயலுக்கு எல்லோருக்கும் முன்னால் வண்டி போக வேண்டுமோ, அவர்களைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் உட்கார வைத்தது.

இதெல்லாம் இப்போது இரண்டு பத்தியில் சொல்ல முடிகிறது. அந்தத் தை மாதத்தில் யாருக்கும் தெரியவில்லை. வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. கூடத்துச் சுவரில் மாட்டிய திரையில், வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. சாருக்கு அந்தத் திரையின் மேல் தனிப் பிரியம். வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

அஞ்சலை வந்த அன்றும் அந்தத் திரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. நேராக என் மேசைக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு உளுந்து முளையை எடுத்து வைத்தாள். வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்கு.

"பாருங்கக்கா, கூன் போட்டுக்கிட்டு நீளுது. வண்டிய எப்பதான் அனுப்புவீங்க?"

நான் கணினியைப் பார்த்தேன். அவள் பெயர் அடியில் இருந்தது. இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றேன்.

"ஒரு வாரமா? அதுக்குள்ள இது எங்கக்கா இருக்கும்? நெல்லுல முக்காவாசி குத்தகைக்குப் போயிடும். உளுந்துதான் எனக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவள் புருஷன் திருப்பூரில் லோடு வண்டி ஓட்டினான். இங்கே என்ன வைத்திருக்கிறாய், கிளம்பி வா, பனியன் கம்பெனியில் வேலை வாங்கித் தருகிறேன் என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இவள்தான் போக மாட்டேன் என்று நின்றாள். அந்த வருடம் இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். உளுந்து நன்றாக வந்தால் அவள் இங்கேயே குத்தகையைத் தொடர்வாள், வராவிட்டால் நிலத்தை விட்டுவிட்டுப் போய்விடுவாள். எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள், தோற்கப் போவதில்லை என்ற தைரியம்.

நான் அவளைக் கூட்டிக்கொண்டு சாரிடம் போனேன். அவர் எழுந்து நின்று முழுக்கக் கேட்டார். அவளுக்கு உட்கார நாற்காலி போடச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம், ராணி. இவங்களுக்கு இன்னைக்கு நான் மாத்துறேன். நாளைக்குப் பெரிய வீட்டுலேருந்து போன் வந்தா, மாத்த முடியாதுன்னு எந்த வாயால சொல்றது?"

அந்த விதிக்குக் கை தட்டியவர்கள் நாங்கள். அஞ்சலை நாற்காலியை விட்டு எழுந்தாள். "சரிங்க சார், எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள். முளைகளை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதை எடுத்துப் போட மனசில்லாமல் சாயங்காலம் வரை வைத்திருந்தேன்.

அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அடியில் கிடக்கிற பெயர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் வாய்க்காலின் கடைமடைப் பக்கத்துச் சின்னக் குத்தகைக்காரர்கள், எல்லோரும் உளுந்து போடுகிறவர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அதே சொல். தீபிகாவுக்குப் போன் போட்டேன்.

"தரிசுன்னா காலி நிலம்தானே மேடம்?"

"ஆமா. ஆனா இல்ல" என்றேன். பிறகு உளுந்துக் கதையை முதலிலிருந்து சொன்னேன்.

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் பதறிவிட்டாள். ஆனால் அதற்குள் வண்டிகள் எல்லாம் பெரிய வயல்களில் இறங்கி, ஒன்றை அடுத்து ஒன்றாகக் கோத்த வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தன. நடுவிலிருந்து உருவி எடுத்துக் கடைமடைக்குக் கொண்டுவர நாள் பிடித்தது. சார் தன் விதியைத் தானே மீறி, டிரைவர்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. வண்டி போய்ச் சேர்ந்தது. நெல் வீட்டுக்கு வந்தது. உளுந்து வரவில்லை.

அறுத்து முடிந்த வயலுக்கு நானும் சாரும் போனோம். பெல்ட் பதிந்த தடம் நெடுக முளைகள் மண்ணோடு மண்ணாக அப்பிக் கிடந்தன. நடுவில் தப்பித்தவை வெயில் தாங்காமல் துவண்டிருந்தன. வரப்பில் ஏறும்போதே சார் செருப்பைக் கழற்றிவிட்டார். அஞ்சலை வைக்கோலைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்து எழுந்து வந்தாள். அவள் திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். "வெயில்ல வந்திருக்கீங்களே, மோர் குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டாள்.

"ஒரே ஒரு சந்தேகம்மா…" என்று ஆரம்பித்தார் சார்.

"என்னங்க சார்?"

"ஒண்ணுமில்லம்மா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வருட அறிக்கையில் எங்கள் வண்டிகள் சும்மாவே நிற்கவில்லை என்று இருந்தது. பார்க்க வந்த அதிகாரிகள் பாராட்டினார்கள், சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேட்டதைக் கணினி ஒரு குறையும் இல்லாமல் செய்து கொடுத்திருந்தது. பொன்னாடையை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, ஆபீஸ் பீரோவிலேயே வைத்துவிட்டார். அடுத்த குழுக் கூட்டத்தில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, 'உளுந்து கெடாமல் நெல்லை அறுப்பது' என்று தன் கையால் எழுதினார். உறுப்பினரிடமே நேராகக் கேட்டுக்கொள்ள வேண்டும், எங்கள் ஆபீஸ் பாஷை நடுவில் வரக் கூடாது என்று முடிவாயிற்று. அப்படித்தான் அந்தப் போன் குரலும், நான் எழுதிய கேள்வியும் வந்தன. தரிசு என்ற சொல்லை அதில் எங்கேயும் சேர்க்கவில்லை. இப்போது எங்கள் கம்பெனியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் செய்கிறார்கள். நன்றாகவே நடக்கிறது. உளுந்தும் நன்றாக விளைகிறது.

அஞ்சலை அந்த மாசியிலேயே கிளம்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று போய், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். சார் அடுத்த வருடம் பதவியை விட்டுவிட்டு, கும்பகோணத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த ஆறு மாவை வேறு யாரும் குத்தகைக்கு எடுக்கவில்லை. சிங்கப்பூர்க்காரர் கண்டுகொள்ளவும் இல்லை.

இந்தத் தையில் ஒரு நாள் காலை, எங்கள் பழைய டிரைவர் பழனி எனக்குப் போன் செய்தான். கம்பெனியில் யாரும் எடுக்கவில்லையாம்.

"மேடம், முத வயலுன்னு போட்டு அனுப்பியிருக்காங்க. இங்க வந்து பாத்தா நெல்லே இல்ல. கோரைதான் முழங்கால் அளவு நிக்குது."

"யார் பேரு போட்டிருக்கு?"

"அஞ்சலைன்னு இருக்கு மேடம். உளுந்து தெளிச்சிருக்கு, அவசரம்னு சிவப்புல வேற காட்டுது."

அடுத்த வயலுக்குப் போகச் சொல்லிவிட்டு, திருப்பூருக்குப் போன் போட்டேன். பின்னால் தையல் எந்திரங்களின் சத்தம் கேட்டது.

"ஆமாக்கா, உறுப்பினர் பட்டியல்ல என் பேரு இன்னும் இருக்குல்ல, அந்தப் போன் பொண்ணு எனக்கும் வருசா வருசம் பேசுது" என்றாள் அஞ்சலை. "முன்னெல்லாம் பதில் சொல்லாம வெச்சிடுவேன். இந்தத் தடவை தெளிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். நிலம் சும்மா கெடக்குன்னு நம்ம வாயால எப்படிக்கா சொல்றது?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வண்டி வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"நேரத்துக்கு வந்துச்சா?"

"முதல் வண்டியே உன் வயலுக்குத்தான் வந்துச்சு அஞ்சலை."

"அப்படியா" என்றாள். பிறகு சூப்பர்வைசர் வருகிறார் என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பதிவு தப்பு. அப்படி ஒரு தப்பைக் கண்டால் உடனே கம்பெனிக்குச் சொல்லித் திருத்த வைப்பதுதான் நான் காலமெல்லாம் பார்த்த உத்தியோகம். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லித் தர வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது திருத்தினால் திருத்திக்கொள்ளட்டும். நான் சொல்லவில்லை.